ஒரு கணிதப் பரீட்சையும் இரண்டு சந்தேகங்களும்

2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓரிரவு கனடாவில் வாழும் என் தாய்மாமனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவருடைய பேத்திக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலே பொறியியல் கற்க இடம் கிடைத்திருந்தது. பாடசாலையில் இருக்கும்போதே நுண்கணிதத்தில் ஒரு விசேட பரீட்சை எழுதி, ஐந்துக்கு நான்கு என்ற தரத்தில் அவள் சித்தியடைந்திருந்தாள். அதன் பயனாகப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நுண்கணிதப் பாடத்தைக் கற்காமலே அதற்குரிய கிரெடிட்டைப் பெற்றுக்கொண்டு, நேரே இரண்டாவது பாடத்துக்குப் போகலாம் என்று அவளுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது.

"தம்பி, பிள்ளை முதலாவதை விட்டுட்டு இரண்டாவதுக்குப் போகலாமாம். தாய் பயப்பிடுறாள். நான் போகட்டும் எண்டுறன். நீ பேப்பர்க்காரன்தானே, உதைப்பற்றி விசாரிச்சுச் சொல்லு" என்றார் மாமா.

கலைப்பட்டதாரியான எனக்கும் நுண்கணிதத்துக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. வகையீட்டுக்கும் தொகையீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகின்றவன் நான். ஆயினும் ஒரு விடயத்தின் வரலாற்றைத் தேடிப் படிப்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத் தந்த பழக்கம். மாமாவின் கேள்விக்கு விடை தேடப் போன நான், அந்தப் பரீட்சையின் பின்னால் எழுபது ஆண்டுக் கதை ஒன்று இருப்பதைக் கண்டேன். அக்கதையின் நடுவே நமது நாட்டின் 1970 ஆம் ஆண்டும் என் கண்முன் வந்து நின்றது.

ஒரு பருவத்தின் பெறுமதி

முதலில் இந்த ஏற்பாட்டின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். நமது நாட்டில் பொறியியல் கற்க வருகின்ற எல்லோரும் ஒரே உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு வருகின்றனர். அமெரிக்காவில் அப்படியல்ல. அங்கே பாடசாலைக்குப் பாடசாலை கணிதம் வேறுபடும். பொறியியல் பீடத்துக்குள் ஒரே நாளில் நுழையும் இருவரில் ஒருவர் நுண்கணிதத்தை முடித்துவிட்டு வந்திருப்பார். மற்றவர் அட்சரகணிதத்திலேயே தடுமாறிக்கொண்டிருப்பார். ஆகவே யாரை எந்தப் படியில் நிறுத்துவது என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பல பல்கலைக்கழகங்கள் தாமே ஒரு நிலையறி சோதனையை நடத்துகின்றன. பாடசாலையில் எழுதிய பொதுப் பரீட்சையின் பெறுபேற்றை ஏற்றுக்கொள்வதும் உண்டு.

பொறியியல் மாணவருக்கு இத்தீர்மானம் மிக முக்கியமானது. முதலாவது நுண்கணிதம், இரண்டாவது நுண்கணிதம், பல மாறிகள் கொண்ட நுண்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள் என்று பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலத் தொடர்கின்றன. பௌதிகமும் நிலையியலும் இயக்கவியலும் அந்தச் சங்கிலியோடு பிணைக்கப்பட்டவை. ஒரு படி பின்னால் தொடங்குகின்றவருக்கு முழுப் பட்டமும் ஒரு பருவமோ ஓர் ஆண்டோ பிந்தக்கூடும். அமெரிக்கக் கட்டணத்தில் ஒரு பருவம் என்பது ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு. மறுபுறத்தில், அத்திவாரம் உறுதியில்லாமல் ஒரு படி தாண்டிப் பாய்கின்றவர் இரண்டாவது பாடத்தில் விழுந்து, பொறியியலையே கைவிட்டுப் போவதும் உண்டு. மாமாவின் மகள் பயந்ததில் நியாயம் இருந்தது.

1951 இல் எழுந்த கேள்வி

அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் எனப்படும் இந்தப் பரீட்சை முறையின் தொடக்கம் 1951 ஆம் ஆண்டில் இருக்கிறது. கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. திறமையுள்ள இளைஞர்கள் பாடசாலையின் இறுதி ஆண்டுகளில் கற்றதையே பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் மறுபடியும் கற்று நேரத்தை வீணாக்குகின்றனர் என்ற கவலை அமெரிக்கக் கல்வியாளரிடையே எழுந்திருந்தது. ஃபோர்ட் அறக்கட்டளை அவ்வாண்டில் அமைத்த கல்வி முன்னேற்ற நிதியம் இதனை ஆராய்வதற்குப் பணம் வழங்கியது.

இரண்டு ஆய்வுகள் நடந்தன. ஒன்று அண்டோவர், எக்ஸிற்றர், லோறன்ஸ்வில் என்னும் மூன்று தனியார் பாடசாலைகளும் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன் என்னும் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்தது. மற்றையது ஓஹாயோ மாநிலத்திலுள்ள கென்யன் கல்லூரியின் தலைவர் கோர்டன் கீத் சாமர்ஸ் முன்னின்று நடத்தியது. இதில் பன்னிரண்டு கல்லூரிகள் இணைந்தன. மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகமும் அவற்றுள் ஒன்று. பாடசாலையில் ஒருவர் பல்கலைக்கழகத் தரத்தில் கற்று, அதைப் பொதுப் பரீட்சை ஒன்றில் நிரூபித்தால், அவருக்கு அதற்குரிய கிரெடிட்டை வழங்கி மேற்படியில் அமர்த்தலாம் என்பதே அவர்கள் கண்ட முடிவு. கொலிஜ் போர்ட் என்னும் அமைப்பு 1955 இல் இத்திட்டத்தைப் பொறுப்பேற்றது. 1956 மே மாதத்தில் முதலாவது பரீட்சை நடந்தது. எல்லாப் பாடங்களுக்குமாகத் தோற்றியவர்கள் ஆயிரத்து இருநூறுக்குச் சற்று அதிகமானோர் மாத்திரமே. இன்று நுண்கணிதத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தோற்றுகின்றனர்.

அதே 1955 இல் அமெரிக்கப் பொறியியற் கல்விச் சங்கம் வெளியிட்ட ஓர் அறிக்கையையும் இங்கு குறிப்பிட வேண்டும். கிறின்ரர் என்பவரின் தலைமையில் தயாரிக்கப்பட்டதால் அது அவருடைய பெயராலேயே அறியப்படுகிறது. பட்டறையும் வரைபடமும் பிரதானமாக இருந்த பொறியியற் கல்வியைக் கணிதமும் விஞ்ஞானமும் தாங்கிநிற்கும் கல்வியாக மாற்றவேண்டும் என்று அவ்வறிக்கை வலியுறுத்தியது. இரண்டு ஆண்டுகளில், 1957 இல், சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அதன் பின்னர் பொறியியலுக்குள் நுழையும் வாசல் நுண்கணிதமே என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. 1969 இல் நுண்கணிதப் பரீட்சை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று ஏறத்தாழ முதலாவது பாடத்துக்குச் சமமானது. மற்றையது இரண்டாவது பாடத்தையும் தழுவிய விரிவான பரீட்சை.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த வாசலை முதலில் அமைத்தவர்கள் செல்வந்தரின் பாடசாலைகளும் செல்வந்தரின் பல்கலைக்கழகங்களுமே. ஏழைப் பிள்ளைகள் இதனூடாக வருவார்கள் என்று 1951 இல் எவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வந்தபோது நடந்ததுதான் நான் சொல்ல விரும்பும் கதை.

லா பாஸிலிருந்து வந்த ஆசிரியர்

ஹைமே எஸ்கலான்டே 1930 இல் பொலிவியாவின் லா பாஸ் நகரில் ஆசிரியத் தம்பதியரின் மகனாகப் பிறந்தவர். அங்கே பௌதிகமும் கணிதமும் கற்பித்துப் பெயர் பெற்றிருந்தார். 1963 இன் இறுதியில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது அவருடைய பொலிவியத் தகைமைகள் அங்கு செல்லுபடியாகவில்லை. முன்னர் கற்றதற்கு எந்தக் கிரெடிட்டும் இல்லை. முப்பது வயதைத் தாண்டிய ஆசிரியர் உணவகமொன்றில் தரை துடைத்தார், சமையல் செய்தார். பின்னர் பறோஸ் என்னும் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புகளில் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் மீண்டும் அடியிலிருந்து கற்று, புதிதாகப் பட்டமும் ஆசிரியச் சான்றிதழும் பெற்றார். புலம்பெயர்ந்து போன நம்மவர்களில் எத்தனையோ ஆசிரியரும் பொறியியலாளரும் வைத்தியரும் இதே பாதையில் நடந்தவர்கள் என்பதால் இந்தப் பகுதியை வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

1974 இல் கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கார்ஃபீல்ட் உயர்நிலைப் பாடசாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. மெக்சிக்கோ வம்சாவளியினரான தொழிலாளரின் பிள்ளைகள் நிறைந்த பாடசாலை அது. குழுச்சண்டைகளுக்கும் இடைவிலகலுக்கும் பெயர்போனது. அங்கே நுண்கணிதம் கற்பிக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது நகைத்தவர்களே அதிகம். 1978 இல் முதல் வகுப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் பரீட்சை எழுத எஞ்சியவர்கள் ஐவர். அவர்களுள் சித்தியடைந்தவர்கள் இருவர்.

அவரைப் பற்றி 1988 இல் ஒரு திரைப்படம் வெளிவந்தது. எட்வேர்ட் ஜேம்ஸ் ஒல்மோஸ் அவராக நடித்தார். ஒரே ஆண்டில் ஓர் ஆசிரியர் ஒரு வகுப்பைக் கூட்டல் கழித்தலிலிருந்து நுண்கணிதத்துக்குத் தூக்கிச் சென்றதான தோற்றத்தை அந்தப் படம் தருகிறது. உண்மை அவ்வளவு எளிதானதன்று. கீழ் வகுப்புகளில் அட்சரகணிதமும் திரிகோணகணிதமும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டால்தான் மேல் வகுப்பில் நுண்கணிதம் நிலைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். கோடை விடுமுறையில் அயலிலுள்ள கல்லூரியொன்றிலே வகுப்புகளை ஏற்பாடு செய்தார். பென் ஹிமெனெஸ் என்ற சக ஆசிரியரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஹென்றி கிரடிலாஸ் என்ற அதிபர் அவருக்குப் பக்கபலமாக நின்றார். காலையில் பாடசாலை தொடங்குமுன்னும் மாலையில் முடிந்த பின்னும் வகுப்பு நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் நடந்த ரியூட்டரி வகுப்புகளைக் கண்டவர்களுக்கு இது அந்நியமான காட்சியன்று.

முதலாவது சந்தேகம்

1982 மே மாதத்தில் கார்ஃபீல்டிலிருந்து பதினெட்டு மாணவர்கள் நுண்கணிதப் பரீட்சை எழுதினர். பதினெட்டுப் பேரும் சித்தியடைந்தனர். ஊரே மகிழ்ந்தது. ஆனால் சில வாரங்களில் அவர்களுள் பதினால்வருக்குக் கடிதம் வந்தது. பரீட்சையை நடத்திய எடியுகேஷனல் டெஸ்டிங் சேர்விஸ் என்னும் நிறுவனம் அவர்களுடைய விடைத்தாள்களில் ஒத்த தவறுகள் இருப்பதாகவும், பெறுபேறுகள் ஐயத்துக்குரியவை என்றும் அறிவித்தது.

இது ஏழை மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகள் என்பதால் எழுந்த சந்தேகமே என்று ஆசிரியரும் பெற்றோரும் கொதித்தனர். வசதி படைத்த நகர்ப்புறப் பாடசாலையொன்றில் இதே பெறுபேறு வந்திருந்தால் எவராவது கேள்வி கேட்டிருப்பார்களா என்பது அவர்களுடைய வாதம். விடைத்தாள்களை மாத்திரமே பார்த்தோம், பெயர்களையோ இனத்தையோ பார்க்கவில்லை என்று நிறுவனம் பதிலளித்தது. இறுதியில், மீண்டும் பரீட்சை எழுதும் வாய்ப்பு வழங்கப்பட்டது. பதினால்வரில் பன்னிருவர் அதற்கு இணங்கினர். ஓகஸ்ட் இறுதியில், கோடை முழுவதும் புத்தகத்தைத் திறக்காதிருந்த பிள்ளைகள், சில நாள் ஆயத்தத்தோடு புதிய வினாத்தாளுக்கு விடையெழுதினர். பன்னிருவரும் சித்தியடைந்தனர்.

இங்கே கதையை நிறுத்திவிட்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் கசப்பான செய்தியையும் சேர்த்துச் சொல்வதே பத்திரிகையாளனின் கடமை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர் ஜே மத்தியூஸ் எஸ்கலான்டேயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாணவர்கள் சிலரின் இசைவோடு அவர்களுடைய முதல் விடைத்தாள்களைப் பெற்றுப் பார்த்தபோது, ஆறாவது வினாவில் ஒன்பது பேர் ஒரே விதமான தவறைச் செய்திருந்ததை அவர் கண்டார். பரீட்சை மண்டபத்தில் ஒரு துண்டுத்தாள் கைமாறியதாக இருவர் அவரிடம் சொல்லியும் இருக்கின்றனர். எஸ்கலான்டேயை மதித்தவர் மத்தியூஸ். ஆயினும் இதை அவர் மறைக்கவில்லை.

இதனால் அந்தப் பிள்ளைகளின் வெற்றி சிறுத்துவிடுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வினாவில் சிலர் பிழை செய்திருக்கலாம். ஆனால் நுண்கணிதம் தெரியாமல் பன்னிருவரும் இரண்டாவது தடவை சித்தியடைந்திருக்க முடியாது. சந்தேகம் எழுந்தது, அதற்கு விடைத்தாளில் ஓர் ஆதாரம் இருந்தது, அதைத் தீர்ப்பதற்கு இன்னொரு பரீட்சை வைக்கப்பட்டது, பெறுபேறு வந்ததும் சந்தேகப்பட்டவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். அடுத்த ஆண்டுகளில் கார்ஃபீல்டில் பரீட்சை எழுதியவர்களின் தொகை பெருகியது. 1987 இல் நுண்கணிதத்தின் முதலாவது பரீட்சையில் எழுபத்து மூவரும் விரிவான பரீட்சையில் பன்னிருவரும் சித்தியடைந்தனர்.

இரண்டாவது சந்தேகம்

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மாமாவின் காலம் நினைவுக்கு வந்தது. அவர் 1970களின் முற்பகுதியில் உயர்தரப் பரீட்சை எழுதியவர். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் என்னும் நான்கு பாடங்கள். நல்ல புள்ளிகள். பொறியியல் கிடைக்கவில்லை. எழுதுவினைஞராகச் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு நாட்டை விட்டுப் போனவர்.

1970 இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தகுதிபெற்ற தமிழ் மாணவர்களின் தொகை அதிகமாக இருந்தபோது, தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்கு அளவுக்கு மீறிப் புள்ளி வழங்கிவிட்டனர் என்ற பேச்சு தென்னிலங்கையில் எழுந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவிக்கு வந்திருந்தது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தார். 1971 அனுமதியின்போது மொழிமூலத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் நிர்ணயிக்கப்பட்டன. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் செல்ல, நானூறு புள்ளிகளில், சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974 இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன. 1969-70 இல் பொறியியல் அனுமதியில் ஏறத்தாழ அரைவாசியாக இருந்த தமிழ் மாணவரின் பங்கு, 1975 இல் ஏறத்தாழ ஏழில் ஒன்றாகச் சுருங்கியது.

தரப்படுத்தலின் அரசியல் விளைவுகளை நமது வாசகர்கள் அறிவர். அவற்றை இங்கு நான் மீண்டும் எழுத வரவில்லை. மறுபக்கத்து நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. அக்காலத்தில் விஞ்ஞான ஆய்வுகூடங்களும் பயிற்றப்பட்ட கணித ஆசிரியரும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் குவிந்திருந்தனர் என்பது உண்மை. கிராமப்புறச் சிங்களப் பிள்ளைக்கு நுண்கணிதம் எட்டாத உயரத்தில் இருந்தது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைக்கும் அவ்வாறே. மாவட்டக் கோட்டா அவர்களுட் சிலருக்கு வழி திறந்தது என்பதும் மறைக்கக்கூடியதன்று.

என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. 1982 இல் சந்தேகத்துக்குள்ளான மாணவர்களிடம், "உமக்குத் தெரிந்ததை மீண்டும் காட்டும்" என்று கேட்கப்பட்டது. அது அவமானந்தான். ஆயினும் அவர்களுடைய கையில் ஒரு பேனையும் முன்னால் ஒரு வினாத்தாளும் இருந்தன. 1970 இல் சந்தேகம் பரீட்சகர்மீது எழுந்தது. ஆனால் தண்டம் மாணவரின் தலையில் விழுந்தது. அவர்களிடம் எவரும் எதையும் மீண்டும் நிரூபிக்கக் கேட்கவில்லை. நிரூபித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஏனெனில் படியே உயர்த்தப்பட்டுவிட்டது. ஒரு பரீட்சை கடினமாக இருப்பதால் எந்தச் சமூகமும் உடைந்துபோவதில்லை. பரீட்சையில் எழுதிய விடைக்குப் பெறுமதி இல்லை என்று ஒரு தலைமுறை உணரும்போதுதான் அது நிகழ்கிறது.

வாசல் இல்லாத பாடசாலைகள்

நமது நாட்டில் 2000 ஆம் ஆண்டு முதல் உயர்தரப் பரீட்சை மூன்று பாடங்களாகச் சுருங்கித் தூய கணிதமும் பிரயோக கணிதமும் இணைந்த கணிதமாகின. அடுத்த ஆண்டில் இசட் புள்ளி முறையும் வந்தது. மாவட்டக் கோட்டா இன்றும் நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவிலும் அதே அடிப்படைப் பிரச்சினை வேறு உருவத்தில் தொடர்கிறது. அங்கே ஏறத்தாழ அரைவாசி உயர்நிலைப் பாடசாலைகளிலேதான் நுண்கணிதம் கற்பிக்கப்படுகிறது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் அதிகமாகவுள்ள பாடசாலைகளில் நிலைமை இன்னும் மோசம். பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதற்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பே இல்லாத பிள்ளைக்கு அந்தச் சமத்துவத்தால் என்ன பயன்?

இதற்கு விடை காண முயன்ற இருவரைப் பற்றி அறிந்தபோது மகிழ்ந்தேன். ஒருவர் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூரி டிரைஸ்மன். 1970களில் அங்கு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் அதிகமாகத் தவறுவதையும் சீன வம்சாவளி மாணவர் நன்றாகச் செய்வதையும் கண்ட அவர், இரு தரப்பிலும் இருபது இருபது பேரைப் பின்தொடர்ந்து அவதானித்தார். ஊக்கமின்மையோ குடும்பத்தின் அக்கறையின்மையோ காரணமாக இருக்கவில்லை. கறுப்பின மாணவர் கடுமையாக உழைத்தனர். ஆனால் அறையைப் பூட்டிக்கொண்டு தனியே உழைத்தனர். சீன மாணவர் தனியே படித்துவிட்டு மாலையில் ஒன்றுகூடி, ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்த்து, கடினமான கணக்குகளைச் சேர்ந்து தீர்த்தனர். இதைக் கண்டபின் கடினமான கணக்குகளைக் கூடித் தீர்க்கும் பட்டறைகளை அவர் அமைத்தார். கறுப்பின மாணவரின் பெறுபேறுகள் வெகுவாக உயர்ந்தன.

மற்றையவர் ஓஹாயோ மாநிலத்தின் டேற்றன் நகருக்கு அருகிலுள்ள றைற் ஸ்ரேற் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பேராசிரியர் நேதன் கிளிங்பீல். நுண்கணிதச் சங்கிலியில் முதலாவது கண்ணியிலேயே மாணவர் விழுந்து பொறியியலை விட்டுப் போவதைக் கண்டு, 2004 இல் அங்கு ஒரு புதிய பாடம் அறிமுகப்படுத்தப்பட்டது. முதலாம் ஆண்டில் பொறியியலுக்கு உடனடியாகத் தேவைப்படும் கணிதத்தை மட்டும், பொறியியல் ஆசிரியர்களே, ஆய்வுகூட உதாரணங்களோடு கற்பித்தனர். முழு நுண்கணிதத்தையும் முடிக்கும்வரை காத்திராமல் மாணவர் மேற்பாடங்களுக்குப் போக முடிந்தது. பின்னர் வேறு பல பல்கலைக்கழகங்களும் இம்முறையைப் பின்பற்றின.

பரீட்சையே வேண்டாம் என்பதும் தீர்வாகாது என்பதற்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2020 இல் அனுமதிக்கான பொதுப் பரீட்சைப் பெறுபேறுகளைக் கருத்தில் எடுப்பதைக் கைவிட்டது. பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டதும் அதே காலத்தில்தான். அதன் சான் டியேகோ வளாகம் 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையொன்று, உயர்நிலைப் பாடசாலைத் தரத்துக்கும் குறைந்த கணித அறிவோடு நுழைவோரின் தொகை ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது மடங்காகப் பெருகியதாகக் கூறுகிறது. அவர்களுள் கணிசமானோர் பாடசாலைச் சான்றிதழில் கணிதத்துக்கு மிக உயர்ந்த தரம் பெற்றவர்கள். சான்றிதழ் சொல்லாத உண்மையை நிலையறி சோதனையே வெளிப்படுத்தியது. அளக்காமல் விடுவதால் குறை மறைந்துவிடுவதில்லை. உள்ளே வந்தபின், கட்டணமும் கட்டியபின், அது அந்தப் பிள்ளையின் தலையிலேயே விழுகிறது.

மாமாவுக்குச் சொன்ன விடை

பல்கலைக்கழகங்களுக்கிடையிலும் இதில் ஒரே கொள்கை இல்லை. மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகம் விரிவான பரீட்சையில் ஐந்து பெற்றவருக்கே முதலாவது நுண்கணிதத்துக்குரிய கிரெடிட்டை வழங்குகிறது. கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகம் இப்பரீட்சைக்குக் கிரெடிட்டே வழங்குவதில்லை. தனது சொந்தச் சோதனையைத்தான் நம்புகிறது. வேறு பல இடங்களில் மூன்று பெற்றாலே போதும். ஒரே விடைத்தாளுக்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு பெறுமதி. ஆகவே கிரெடிட் கிடைக்குமா என்ற கேள்வியோடு பெற்றோர் நின்றுவிடலாகாது. அடுத்த பாடத்தில் பிள்ளை நிற்குமா என்பதே முக்கியமான கேள்வி.

நான் தேடியறிந்ததை மாமாவிடம் சொன்னேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நுண்கணிதப் பாடத்துக்குரிய பழைய இறுதி வினாத்தாள் ஒன்றைப் பெற்று, நேரம் வைத்து, எவருடைய உதவியுமின்றிப் பிள்ளை எழுதிப் பார்க்கட்டும் என்றேன். அதைத் திருத்துவதற்கு எஸ்கலான்டேயும் வேண்டாம், அமைச்சரும் வேண்டாம். விடைகளோடு ஒப்பிட்டு அவளே திருத்திக்கொள்ளலாம்.

அவள் அப்படியே செய்தாள். வகையீட்டில் நல்ல புள்ளி. தொகையீட்டில் பல இடங்களில் சறுக்கல். கிரெடிட்டைப் பயன்படுத்தாமல் முதலாவது பாடத்தையே எடுப்பதென்று தீர்மானித்தாள். மார்கழியில் பருவம் முடிந்தபோது உயர்ந்த தரத்தில் சித்தியடைந்திருந்தாள். வாரத்தில் மூன்று மாலைகளில் நான்கு தோழிகளோடு சேர்ந்து கணக்குச் செய்வதாகவும் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள்.

பேத்தி ஒரு படி தாண்டிப் பாயவேண்டும் என்று ஆசைப்பட்டவர் மாமா. அவருக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்று எண்ணி, மெல்லக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"அதில என்ன ஏமாற்றம் தம்பி? எங்களுக்கு எங்க நிக்கிறதெண்டு வேற ஆக்கள் முடிவெடுத்தவை. இவள் தான் எழுதின பேப்பரைப் பார்த்துத் தானே முடிவெடுத்திருக்கிறாள்" என்றார். பிறகு, அந்தப் பழைய வினாத்தாளில் தானும் இரண்டு கணக்குகளைச் செய்து பார்த்ததாகவும், ஒன்று சரிவந்ததாகவும் சொன்னார்.